பெட்டி மாற்றியபின் திறக்க மறுக்கும் லக்ஸ் வன்தட்டு

கேள்வி: நான்கு டெராபைட் வெளிப்புற வன்தட்டை லக்ஸ் எனும் லினக்ஸ் வட்டுப் பூட்டு முறையில் மறையாக்கம் செய்து, லினக்ஸில் பயன்படுத்தி வந்தேன். அதன் யுஎஸ்பி பெட்டி பழுதானதால், உள்ளிருந்த தட்டை வேறொரு பெட்டியில் பொருத்தினேன். இப்போது தட்டு தெரிகிறது. ஆனால் பார்ட்டிஷன் (தட்டில் பிரித்த பகுதி) எதுவும் தெரியவில்லை, கடவுச்சொல்லும் கேட்கப்படுவதில்லை. என் தந்தையின் புகைப்படங்கள் அனைத்தும் அதில்தான் உள்ளன.

பதில் 1: முதலில், தட்டில் எதையும் எழுதாதீர்கள். ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்டால் மறுத்துவிடுங்கள், ஏனெனில் லக்ஸ் தலைப்பகுதி (திறவுகோல் விவரங்கள் உள்ள தொடக்கப் பகுதி) அழிந்தால் சரியான கடவுச்சொல் இருந்தும் தரவு மீளாது. தங்கள் விவரிப்பைப் பார்த்தால் தலைப்பகுதி கெட்டதாகத் தோன்றவில்லை. சில பழைய பெட்டிகள் தட்டின் செக்டார் (தரவைப் படிக்கும் மிகச்சிறு அலகு) அளவை 4096 பைட்டாகக் காட்டும். புதியது 512 என்று காட்டினால், இரண்டாம் செக்டாரில் இருக்கவேண்டிய ஜிபிடி எனும் பார்ட்டிஷன் அட்டவணையைக் கணினி தவறான இடத்தில் தேடும்.

பதில் 2: மேற்கண்ட கருத்தே எனக்கும் சரியெனப் படுகிறது. லோசெட்டப் கட்டளையில் செக்டார் அளவை 4096 என்று குறிப்பிட்டு, பார்ட்டிஷன்களைத் தேடும் விருப்பத்தையும் படிக்க மட்டும் என்ற விருப்பத்தையும் சேர்த்து, முழுத் தட்டையும் லூப் சாதனமாக (மெய்நிகர் தட்டாக) இணையுங்கள். பின்னர் லக்ஸைத் திறக்கும் கிரிப்ட்செட்டப் கட்டளை மூலம் திறக்கலாம். கோப்பு முறைமை இஎக்ஸ்டி4 ஆக இருந்து மவுன்ட் (கோப்புகளை அணுக இணைத்தல்) மறுக்கப்பட்டால், ஜர்னல் எனும் மாற்றப் பதிவை ஏற்றாமல் விடும் நோலோட் விருப்பத்தைச் சேருங்கள்.

கேட்டவர்: திறந்துவிட்டது ஐயா! படங்களை வேறு தட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

பதில் 2: மிக்க மகிழ்ச்சி. லக்ஸ் தலைப்பகுதியையும் தனியே நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள். லக்ஸ்2 வடிவத்தில் அது வழக்கமாக 16 மெபிபைட்தான்.