புதுப்பிப்பு: ஒரே நாள்ல மூணு கண்காட்சி பிளான், ரெண்டுக்குப் போயிட்டு வந்துட்டேன்

போன வாரம் ஒரே நாள்ல மூணு ஆர்ட், டிசைன் கண்காட்சி பாக்க முடியுமான்னு கேட்டிருந்தேன்ல, ரெண்டுதாங்க முடிஞ்சுது, அதுக்கே கால் கெஞ்சிடுச்சு. பெயின்டிங் ஹால் சீக்கிரமே முடிஞ்சிருச்சு. ஆனா டிசைன் பக்கம் தோனெட்ங்கிற மரச்சாமான் கம்பெனியோட 14ஆம் நம்பர் நாற்காலி முன்னாடி அரை மணி நேரம் அப்படியே நின்னுட்டேன், 1859ல வந்தது, மரத்த நீராவில வளைச்சு ஆறே துண்டு, பத்து ஸ்க்ரூ, ரெண்டு நட்டு அவ்ளோதான், பிரிச்சு அடுக்கினா ஒரு கன மீட்டர் பெட்டில 36 நாற்காலி அடங்கிடும்! போட்டோ மட்டும் எடுக்காத, வரைஞ்சு பாருன்னு சொன்ன அண்ணாவுக்கு ரொம்ப ரொம்ப நன்றி, வரையும்போதுதான் முதுகு சாயுற வளைவும் பின்னங்காலும் ஒரே துண்டுன்னு கண்ணுல பட்டுச்சு. மூணாவதுக்கு அடுத்த வாரம் தனியா போறேன், ஸ்கெட்ச் புக்கோட.