புதுப்பிப்பு: அந்த மார்ட்டெல் பாட்டிலின் வயது

அமெரிக்காவில் ஓர் ஏலத்தில் எடுத்த மூன்று நட்சத்திர மார்ட்டெல் கோன்யாக் (பிரெஞ்சு பிராந்தி) பாட்டிலை, லேபிள் பழுத்திருந்ததை மட்டும் வைத்து 1960கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தப்பு!

"அளவைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். லேபிளின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் 750 மி.லி. அமெரிக்காவில் மதுபாட்டில்களுக்கு மெட்ரிக் அளவு 1976 அக்டோபரில்தான் தொடங்கியது, 1980இல் கட்டாயமானது. அதற்கு முன் என்றால் '4/5 குவார்ட்' என்று பழைய அமெரிக்க அளவில் இருந்திருக்கும். அப்புறம் மூடியைச் சுற்றி, மது வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டும் வரிச்சீட்டின் கிழிந்த துண்டு, நகத்தளவு, ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சீட்டு 1985இல் ஒழிந்தது. 1989 நவம்பரில் கட்டாயமான கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையும் இல்லை. ஆக, 1976க்கும் 1985க்கும் இடையில்.

லேபிளில் உள்ள 1715 பற்றிக் கேட்டவர்களுக்கு: அது நிறுவனம் தொடங்கிய ஆண்டு. நட்சத்திரங்களும் வருடக் கணக்கு இல்லை.

இன்னொன்று, கோன்யாக் பீப்பாயில்தான் முதிரும், கண்ணாடிக்குள் முதிராது. நாற்பது வருடம் அலமாரியில் கிடந்தும் உள்ளே இருப்பது அதே சரக்குதான். கொஞ்சம் ஆவியாகி, மட்டம் பாட்டிலின் தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவே. கொடுத்த விலையை மட்டும் கேட்காதீர்கள்.