மறு: மறு: லாக்கர்னு எழுதுனா பேங்க் லாக்கர்னு படிக்கிறாங்க

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா இழை எங்கெங்கயோ போயிருச்சு, நான் கேட்டது சின்ன விஷயம், பூச்சுமேல பூச்சா ஏத்திச் செதுக்குற சீன லாக்கர் (lacquer) வேலைக்குத் தமிழ்ல ஒரு பேரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சீனப் பழம்பொருள் படங்களுக்கு கேப்ஷன் முடிச்சுக் குடுக்கணும். 'லாக்கர் தட்டு'ன்னு எழுதி அனுப்புனா மெய்ப்பு பாக்குறவரு "யாரோட லாக்கர்?"னு கேட்டுத் திருப்பிட்டாரு.

> செதுக்கிய மரத்தட்டு, மேல பெயின்ட். இதுல என்ன குழப்பம்?

குழப்பமே அங்கதான் அண்ணா. செதுக்குனது மரத்த இல்ல, பூச்சத்தான். மெல்லிசா ஒரு பூச்சு, அத ஈரக்காத்துல இறுகவிட்டு மேல இன்னொண்ணு, இப்படியே நூறைத் தாண்டியும் போகும், அப்பவும் கனம் சில மில்லிமீட்டர்தான், மொத்தக் காட்சியும் அந்தக் கனத்துக்குள்ளயே. என் முன்னால இருக்கறது மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லெ காலத்துத் தட்டு (1403–1424). மண்டபம், பைன் மரம், பெரியவர் ஒருத்தர் அருவியப் பாத்து நிக்கிறாரு, பின்னால ஒரு பையன் சின் வாத்தியத்தத் துணியில சுத்தித் தூக்கிட்டு வர்றான் (ஏழு நரம்பு, யாழ்னு போடலாமான்னு யாரும் ஆரம்பிச்சுராதீங்க). வானத்துக்கு ஒரு கட்டம், தண்ணிக்கு அலை, தரைக்குப் பூப்போட்ட கட்டம்னு பின்னணியே மூணு தினுசு.

> இதை அரக்கு எனக் கூடாது, அரக்கு என்பது பூச்சி தரும் பிசின். சீனர் பூசியது மரப்பால்.

அக்கா சொல்றது சரிதான். மரத்தக் கீறி எடுக்கிற பால், மேல பட்டா சேங்கொட்டை மாதிரியே தடிச்சு அரிக்கும், ரெண்டுமே முந்திரிக் குடும்பம். ஆனா புடவைக் கடையில அரக்குக் கலர் கேட்டா யாரும் பூச்சிய நினைக்கிறதில்லையே. பொருநராற்றுப்படையில 'அரக்குருக்கன்ன செந்நிலன்', அங்கயும் கண்ணுக்கு வர்றது செவப்புதான். அந்தச் செவப்புக்குச் சீனாக்காரன் கலந்தது சாதிலிங்கம்ங்கிற செவப்புத் தாதுப்பொடி, இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இங்க சண்டையே வரல.

> அர் > அரத்தம் > அரக்கு. வேர் தமிழே.

ஐயா, இதுக்கே மூணு மடல் ஆச்சு, எதிர்ல சமஸ்கிருத லாக்ஷாதான் வேர்னு ரெண்டு. கேப்ஷன்ல எனக்கு இடம் ரெண்டு வார்த்தைக்குத்தான்.

> 'சோழமண்டல வேலை'ன்னு வைங்க. வெள்ளைக்காரனே சீன லாக்கர ‘கோரமண்டல்’னுதானே சொன்னான்!

ரசிச்சேன். ஆனா அந்தப் பேரு நம்ம கரை வழியா ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுனதால வந்தது, செஞ்சது சீனாவுலதான். அதோட அது 17ஆம் நூற்றாண்டு மடக்குத் தட்டிங்க (ஸ்க்ரீன்), பூச்ச வெட்டிக் குழியில கலர் நிரப்புற வேற வேலை.

எண்ணிப் பாத்தா 'செதுக்கரக்கு'க்கு நாலு பேரு, 'குடைமெருகு'க்கு ரெண்டு, 'மரப்பால் செதுக்கு'க்கு அக்கா மட்டும். மன்னிக்கணும் அக்கா, அது ரப்பர் தோட்டத்து வேலை மாதிரி கேக்குது. செதுக்கரக்குன்னே அனுப்புறேன், முதல் கேப்ஷன்ல மட்டும் 'பல அடுக்காகப் பூசிய மரப்பாலில் செதுக்கியது'ன்னு ஒரு வரி சேத்துக்கிறேன். அந்தப் பின்னணிக் கட்டத்துக்கு இன்னும் சொல் வரல, இப்பதைக்குக் கட்டம்தான், லுங்கி ஞாபகம் வந்தா வரட்டும்.

> > செதுக்கரக்குன்னே அனுப்புறேன்

அனுப்பு தம்பி, தடுக்கல. அடுத்த வாரம் கர்நாடகத்துச் சென்னபட்டணா மரப்பொம்மை வரும், அது நிஜமாவே பூச்சி அரக்கு. அதுக்கு என்ன வைப்ப?