சர்வீசுக்குப் பிறகு வார்ம் கியர்பாக்ஸ் கடும் சூடு. என்ன பார்க்கணும்?

ஆத்தூர்_ஜவ்வரிசி:
வணக்கம். ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை. கிழங்கு கழுவுற தொட்டியில துடுப்பு சுத்த 3 ஹெச்பி மோட்டார், 1440 ஆர்பிஎம், 40:1 வார்ம் கியர்பாக்ஸ். போன சர்வீஸ்ல இருந்து பாக்ஸ் மேல கை வைக்க முடியல, ஆம்பியரும் கூடுது. மெக்கானிக் லாரி கிரவுனுக்கு (பின் அச்சு கியருக்கு) ஊத்துற 90 ஆயிலை மேல்மூடி வரைக்கும் ஊத்திட்டுப் போயிட்டார். பிடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாள்ல கெட்டுடும், நிறுத்தி வைக்க வழியில்ல.

செவ்வாய்ப்பேட்டை_பட்டறை:
தம்பி, வார்ம்ங்கிறது திருகு மாதிரி தண்டு, அது வீலோட பல்லுமேல சறுக்கித்தான் ஓடும். நல்ல பாக்ஸா இருந்தாலும் 40:1ல கால்வாசி பவர், சமயத்துல அதுக்கு மேலயும் சூடாப் போயிடும். முழு லோடுல உள்ளே ஒரு இஸ்திரிப் பெட்டி எரியுதுன்னு வெச்சுக்கங்க. ஆனா சர்வீசுக்குப் பிறகு கூடியிருக்குன்னா ஆயில்மேலதான் எனக்குச் சந்தேகம்.

பக்கவாட்டுல லெவல் பிளக் இருக்கும். மிஷினை நிறுத்திக் கழட்டினா ஆயில் அந்த ஓட்டை விளிம்புல நிக்கணும். அதுக்கு மேல இருந்தா ஆயிலைக் கடையுறதுக்கே கரண்ட் போகும், விரிய இடமில்லாம சீலையும் தள்ளிடும்.

ரெண்டாவது, வார்ம் வீல் வெண்கலம். கிரவுன் ஆயில்ல இருக்கிற கந்தகச் சேர்க்கை சூடேறினா வெண்கலத்தை அரிக்கும். கிரவுன்ல ரெண்டு பக்கமும் ஸ்டீல், அங்கே அது தேவை. இங்கே வேண்டவே வேண்டாம். பிளேட்ல பாருங்க, பெரும்பாலும் விஜி 320 இல்ல 460 போட்டிருக்கும், அது ஆயிலோட கெட்டித்தன்மை நம்பர். உங்க 90 வேற அளவுகோல், ஆனா அதைவிட மெலிசு.

ஆத்தூர்_ஜவ்வரிசி:
நன்றிண்ணா. 460தான் போட்டிருக்கு. பழசை வடிச்சு வெள்ளைத் துணியில விட்டுப் பார்த்தேன், வெயில்ல மஞ்சத் தூள் மின்னுது. வீல் போயிடுச்சா?

ஏற்காடு_மெயின்டனன்ஸ்:
நைசான தூள்னா பயப்படாதீங்க, விரல்ல செதில் நெருடினாதான் மோசம். பால் நிறத்துல இருந்தா தொட்டித் தண்ணி உள்ளே வந்திருக்கு, சீல் மாத்துங்க. பாக்ஸைத் திறந்தீங்கன்னா வார்ம்ல தடம் பார்க்குற நீல மை தடவிச் சுத்திப் பாருங்க. வீல் பல்லுல தடம் நடுவுல இருந்து வெளியேறுற பக்கமாச் சாஞ்சு விழணும். நுழையுற பக்கம் விழுந்தா ஆயில் உள்ளே போகாம வழிச்சுத் தள்ளிடும். எந்த ஆயில் ஊத்தினாலும் சூடு குறையாது. ஷிம் (இடைவெளிக்கு வைக்கிற மெல்லிசுத் தகடு) மாத்தி வீலை நகர்த்தணும். அதைத் தெரிஞ்ச கையால செய்யுங்க.

பாலிகிளைக்கால்ங்கிற சிந்தடிக் ஆயில் ஊத்தினா உராய்வு இன்னும் குறையும். ஆனா சாதா மினரல் ஆயிலோட (பெட்ரோலிய ஆயில்) கலக்கவே கூடாது, சீல் தாங்குமான்னும் கேட்டுக்கங்க. இப்போதைக்கு பிளேட்ல உள்ள 460 மினரலை லெவல் வரைக்கும் ஊத்தி, பிரீதர் (காத்து போக விடுற) ஓட்டையில மாவு அடைச்சிருந்தா குத்தி விட்டு, ஓடவிட்டு ஆம்பியர் எவ்வளவுன்னு இங்கே போடுங்க.