கட்டுவிரியன் கடி: ராத்திரியில ஓடினவங்க அனுபவம் சொல்லுங்க

கரிசக்காட்டான்:
ஊர்ல முதலுதவிப் பயிற்சி எடுத்த நாலு பேர்ல நானும் ஒருத்தன். விடியகாலை 3:30க்குக் கூப்பிட்டாங்க. 12 வயசுப் பையன், வயித்துவலி, வாந்தி. பாய்ல கிடந்தான். உடம்புல ஒரு காயம் தெரியல. ராத்திரி தின்ன பரோட்டா மேலதான் எல்லாருக்கும் சந்தேகம், எனக்கும். கொஞ்ச நேரத்துல கண்ணு சொருகிச்சு. "தூங்குறான், விடுங்க"ன்னு நானேதான் சொன்னேன். எச்சில் முழுங்க முடியாம கடைவாயில வழிஞ்சப்பதான் இது கட்டுவிரியன் கடின்னு உறைச்சுது. 108க்குச் சொல்லிட்டு, டாடா ஏஸ்ல ஏத்தி எதிர்க்கவே போனோம். வழியில மூச்சு நின்னுபோச்சு. வாயோட வாய் வெச்சு ஊதிக்கிட்டே போனேன். வண்டி குலுங்கினதுல அவன் பல்லு என் உதட்டைக் கிழிச்சிருச்சு. ரெண்டு நாள் வென்டிலேட்டர், பொழைச்சுட்டான். வீட்டுக்கு வந்ததும் சொன்னான்: "மாமா, நீங்க தூங்குறான்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கண்ணைத்தான் தொறக்க முடியல."

புல்லட்பாண்டி:
108க்காக நேரத்தை விட்டதே தப்பு தம்பி. பைக்ல நடுவுல உட்கார வெச்சு, பின்னாடி ஒருத்தர் அணைச்சுப் பிடிச்சாப் போதும். நேபாளத்துல டமாக் பக்கம் ஊர்க்காரங்களே இப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க, பாம்புக்கடிச் சாவு 10.5 சதவீதத்துல இருந்து 0.5 ஆச்சு. எல்லாரும் கேட்டுக்கங்க: கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. கொலுசு, மெட்டியைக் கழட்டிருங்க, வீங்கும். பாம்பைத் தேடி அடிச்சுத் தூக்கிட்டு வராதீங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நாலுக்கும் ஒரே மருந்துதான். என் மாமனாரை நல்லபாம்பு கடிச்சப்ப 25 நிமிசத்துல சேர்த்தேன்.

மேலத்தெருஅக்கா:
மூச்சு நின்ன பிள்ளைக்கு ஓடுற பைக்ல யாரு ஊதுறதுண்ணே? உட்கார்ந்துக்கிட்டுச் சொல்றது லேசு. கட்டுப் போடாதீங்கன்னது மட்டும் சரி. களையெடுக்கப் போன பெரியம்மாவைக் கண்ணாடி விரியன் கடிச்சு, முழங்காலுக்குக் கீழ சணல்கயித்தால இறுக்கியிருந்தாங்க. பாதம் கத்திரிக்கா நிறம். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில 20 நிமிசம் அசைக்காம வெச்சுச் சாய்ச்சாங்க. உறையவே இல்ல, ஓடுச்சு. அதை எட்டிப் பார்த்த பெரியம்மா, "என்னடி, கருப்பட்டித் தண்ணியா?"ன்னாங்க. கூட இருந்த எனக்குத்தான் கால் நடுங்கிருச்சு.

கரிசக்காட்டான்:
பைக் இருந்துச்சுண்ணே. ஆனா தூங்குறான்னு விட்ட நேரத்தைப் பைக் திருப்பித் தராது. அக்கா, அந்தப் பையன் வீட்ல இன்னும் தரையிலதான் படுக்குறாங்க, கட்டில் போட இடமில்ல. போன வாரம் கொசுவலை வாங்கிக் கட்டி, பாம்பு நுழையாம ஓரத்தைப் பாய்க்கடியில சொருகி விட்டுட்டு வந்தேன்.