மாஃபியா 3: ஏரியாவை யாருக்குக் கொடுப்பது?

வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து முதல் மாஃபியா வீடியோ கேமை முடித்தவன் நான். 2010இல் வந்த இரண்டாம் பாகமும் கதைக்காகவே பிடித்தது. 2016இல் வந்த மூன்றாவதை இப்போதுதான் தொட்டேன். 1968ஆம் வருடத்து நியூ போர்டோ என்ற கற்பனை நகரம், கார் ரேடியோ பாட்டு எல்லாம் அருமை. ஆனால் ஏரியா ஏரியாவாகப் போய் அடி, உடை, பிடி, மறுபடியும் அதே! நேற்று ராத்திரி தண்டையார்பேட்டையில் கரண்ட் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் பாருங்கள்.

சரி, முடித்தவர்கள் சொல்லுங்கள். எதிரிகளிடமிருந்து கைப்பற்றும் ஏரியாக்களை நம் கூட்டாளிகளான வீட்டோ, கசாண்ட்ரா, பர்க் மூவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். நானோ எல்லாவற்றையும் வீட்டோவுக்கே கொடுத்து வருகிறேன் (இரண்டாம் பாகத்து ஹீரோவாச்சே, மனசு கேட்கவில்லை). இப்போது கசாண்ட்ராவும் பர்க்கும் முறைக்கிறார்கள். மூன்று பேரையும் இழக்காமல் இருக்க எப்படிப் பங்கு போடுவது? முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.