ஈ.எஸ்.சி. புரோகிராமிங்: நிரலாக்கமா, அமைவா, பண்ணலா?

(தமிழ்ச் சொல் தேடும் குழு உரையாடல். எழுதுவோர் தங்கள் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

மண்டபம்:
அனைவருக்கும் வணக்கம். பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான ரிமோட் படகு வகுப்பு. 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே நின்று ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி), மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), பிரஷ்லெஸ் மோட்டார். ஈ.எஸ்.சி.க்கு 'வேகக் கட்டுப்படுத்தி' என்று போட்டாயிற்று, அதில் யாரும் கை வைக்க வேண்டாம். எனக்குத் தேவை இரண்டுக்குத் தமிழ்ச் சொல்: கேலிபிரேஷன் (ரிமோட்டின் ஸ்டிக் அளவை ஈ.எஸ்.சி.க்குப் பழக்குவது), புரோகிராமிங் (ஈ.எஸ்.சி. எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்தெடுப்பது). இப்போது இரண்டுக்குமே 'அமைப்பு' என்றுதான் தாளில் இருக்கிறது. அது ஆபத்து.

இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை ஆன் செய்து, த்ராட்டில் ஸ்டிக்கை முழுக்க மேலே தள்ளி, பேட்டரியை இணைக்க வேண்டும். 2 விநாடியில் 'பீப்-பீப்'. உடனே ஸ்டிக்கை அடிவரை இறக்கினால் கேலிபிரேஷன்: எத்தனை செல்லோ அத்தனை பீப், பிறகு ஒரு நீள பீப், முடிந்தது. இறக்காமல் இன்னும் 5 விநாடி நின்றுவிட்டால் வேறொரு மெட்டு வரும். அதுதான் புரோகிராமிங் வாசல்.

கீழக்கரை:
> அது ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதையும் தாளில் போடுங்கள் அண்ணே. அந்த மெட்டுக்குப் பிறகு எட்டு ஒலிகள் வரிசையாகச் சுற்றும். ஒரு பீப் பிரேக், இரண்டு பேட்டரி வகை, மூன்று கட்-ஆஃப் (பேட்டரி இறங்கியதும் ஓட்டத்தைக் குறைப்பது அல்லது நிறுத்துவது) முறை, நான்கு கட்-ஆஃப் அளவு. ஒரு நீள பீப் என்றால் ஐந்து, அது ஸ்டார்ட் முறை. நீளம் ஒன்றும் குட்டை ஒன்றும் என்றால் ஆறு, டைமிங் (மோட்டார்ச் சுருளுக்கு மின்சாரம் மாறும் நேரக் கணக்கு). ஏழு எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவது, எட்டு வெளியேறுவது. ஓர் ஒலி கேட்ட 3 விநாடிக்குள் ஸ்டிக்கை இறக்கினால் அந்த இனம் பிடிபடும். அதன் பிறகு அந்த இனத்தின் மதிப்புகள் ஒலிக்கும். வேண்டிய ஒலி வரும்போது ஸ்டிக்கை ஏற்றினால் பதிந்துவிடும்.

கேலிபிரேஷன் செய்ய வந்த பையன் தடுமாறி இரண்டாவது ஒலியில் இறக்கி, பதறி மறுபடி ஏற்றினால் பேட்டரி வகை நிக்கலுக்கு மாறிவிடக்கூடும். நிக்கலில் நடு அளவு என்றால் தொடக்க மின்னழுத்தத்தின் பாதியில்தான் கட்-ஆஃப். 12.6 வோல்ட்டில் கிளம்பிய லிப்போ 6.3 வரை இறங்கும், அதாவது செல்லுக்கு 2.1. லித்தியம் என்று வைத்திருந்தால் 3.15-இலேயே நின்றிருக்கும். பேட்டரி உப்பிப்போகும். படகு ஓடும்போது ஒரு குறையும் தெரியாது, அதுதான் கொடுமை.

தொண்டி:
தம்பி மண்டபம், புரோகிராமிங்குக்கு 'நிரலாக்கம்' இருக்கிறதே என்று யாராவது சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன்: கூடாது. நிரல் என்பது வரிசை. நிரல்நிறை அணி அறிந்தவனுக்கு அது விளங்கும். இங்கே எவனும் நிரல் எழுதவில்லை, எழுதி வைத்ததிலிருந்து தெரிந்தெடுக்கிறான்.

ஒலி கேட்டு, ஒலிக்கு ஏற்பக் கருவியை இசைவிக்கும் தொழிலுக்கு நம்மிடம் பழைய சொல் உண்டு. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில், யாழ் வாசிப்பவர் செய்யும் எட்டுக் கலைத்தொழில்களில் முதலாவது பண்ணல்: நரம்புகளைப் பண்ணுக்கு ஏற்ப நிறுத்துவது. இங்கும் எட்டு ஒலி, அங்கும் எட்டுத் தொழில். கானல் என்பதே கடற்கரைச் சோலை. 'பண்ணல்' என்று வையுங்கள்.

பாம்பன்:
ஐயா, 'புரோகிராம் பண்ணல்'னு அச்சடிச்சா பையன் 'பண்ணல'ன்னு படிச்சிட்டு, பண்ண வேண்டாம் போலன்னு பேட்டரியைக் கழட்டி வச்சிருவான்.

வேகக் கட்டுப்படுத்தியில கை வைக்காதீங்கன்னு சொன்னீங்க, ஆனா அது தப்பான பேரு. அது வேகத்தை அளந்து ஆள்றதில்ல. பேட்டரி மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்குது, அவ்வளவுதான். ஒரே ஸ்டிக் அளவுல, புரொப்பல்லர்ல பாசி சுத்துனா வேகம் விழுந்துரும், ஆம்பியர் ஏறும். ஹெலிகாப்டருக்கு வர்ற கவர்னர் முறை ஒண்ணுதான் உண்மையிலேயே சுற்று வேகத்தைப் பிடிச்சு நிறுத்தும்.

மண்டபம்:
கை வைக்க வேண்டாம் என்றேன்.

தொண்டி:
பாம்பன் தம்பி சொல்வதில் பொருள் இருக்கிறது. 'வேகம்' வடசொல், 'கட்டுப்படுத்தி' ஒரு முழம் நீளம். 'ஓட்ட ஆளி' என்றால் என்ன? ஆள் என்னும் பகுதியோடு இகர விகுதி சேர்ந்தது.

பாம்பன்:
மன்னார்ப் பக்கம் ஆளின்னா சுவிட்ச், ஐயா. ஈழத்துப் பாடநூல்ல அதான் இருக்கு. இந்தத் தாள் அக்கரைக்குப் போனா 'ஓட்ட சுவிட்ச்'னு எடுத்துக்குவாங்க.

தொண்டி:
யானையைக் கொல்லும் விலங்குக்கும் ஆளி என்றுதான் பெயர். இடம் நோக்கிப் பொருள் கொள்வது படிப்பவன் கடமை. சரி, அதை விடுகிறேன். புரோகிராமிங்குக்குப் 'பாங்கு வைத்தல்'. பாங்கு என்றால் தன்மை. கருவியின் தன்மையை வைப்பது.

கீழக்கரை:
ஐயா, எங்கள் ஊரில் பாங்கு என்றால் பள்ளிவாசலில் ஐந்து வேளை சொல்வது. உங்கள் தொண்டியிலும் அதுதானே! வகுப்பில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் வீட்டில் போய்ச் சொல்வார்கள். வேண்டாம்.

'தேர்வு' என்று போடலாமா என்று பார்த்தேன், பரீட்சை என்று நினைப்பார்கள். 'அமைவு' பரவாயில்லை.

கேலிபிரேஷனுக்கு 'அளவுத்திருத்தம்' பாடநூலில் பழகிய சொல்தான், ஆனால் இங்கே எதுவும் திருத்தப்படுவதில்லை. ஈ.எஸ்.சி. 1000 முதல் 2000 மைக்ரோ விநாடி வரையுள்ள துடிப்பை எதிர்பார்க்கிறது, ரிமோட்டோ 1100 முதல் 1900 வரைதான் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலிபிரேஷன் செய்யாவிட்டால் ஸ்டிக் உச்சியில் இருந்தும் முழு ஓட்டம் வராது. அடியில் வைத்தாலும் அது பூஜ்யம் என்று ஏற்காமல் பீப் அடித்துக்கொண்டே நிற்கும். நாம் செய்வது உச்சி இது, அடி இது என்று காட்டுவது. 'எல்லை காட்டல்' போதும். ஃபுட்டாபா ரிமோட் என்றால் த்ராட்டில் சேனலை முதலில் ரிவர்ஸில் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உச்சியும் அடியும் தலைகீழாகப் போகும்.

தேவிபட்டினம்:
'எல்லை காட்டல்' எனக்கு ஏற்பு. ஆனால் டிஷாட் வகைச் சிக்னலுக்கு இந்த வேலையே கிடையாது. அதில் துடிப்பின் நீளம் இல்லை, எண்தான் போகிறது: 48 முதல் 2047 வரை ஓட்டம், 0 என்றால் நிறுத்தம். ட்ரோன் பக்கம் போகும் மாணவர் எல்லையைத் தேடி அலையக்கூடாது. அடிக்குறிப்பு ஒன்று வேண்டும்.

அப்புறம், பிரேக்கைத் 'தடை' என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். மின்தடைக்கும் அதே சொல். 'தடை: இல்லை' என்று மல்டிமீட்டரும் கையுமாக நிற்பவன் படித்தால் ஷார்ட் என்றல்லவா எடுத்துக்கொள்வான்? பிரேக் பிரேக்காகவே இருக்கட்டும். படகுக்கு அது எப்போதும் ஆஃப். மடங்கும் புரொப்பல்லர் வைத்த கிளைடருக்குத்தான் ஆன்.

பாம்பன்:
கட்-ஆஃபுக்கு 'வெட்டு' போடுங்க. மின்வெட்டு தெரியாத ஆள் கிடையாது. முறை ரெண்டு: கொஞ்சம் கொஞ்சமா குறையுறது, ஒரேயடியா நிக்கிறது. கடல்ல விடுற படகுக்கு முதல் முறையே வைக்கணும். ஒரேயடியா நின்னா நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்துட்டுப் போயிரும், எடுக்க வத்தையில (சின்னப் படகுல) போகணும். ஓட்டம் தளர்ந்தா கரைக்குத் திருப்பணும்னு பையனுக்குச் சொல்லிக் கொடுங்க.

இன்னொண்ணு. இறங்கிப்போன மூணு செல் பேட்டரியைச் சில ஈ.எஸ்.சி. ரெண்டு செல்லுன்னு எண்ணிரும். வெட்டும் அந்தக் கணக்குலதான் விழும். அதனால செல் பீப்பை எண்ணிட்டுத்தான் தண்ணியில விடணும்.

கீழக்கரை:
பாசி சொன்னீர்களே தம்பி, பாக் நீரிணைப் பக்கம் ஓட்டினால் அதுவும் தாளில் வேண்டும். புரொப்பல்லர் சிக்கி நிற்கும்போது ஸ்டிக்கை ஏற்றிப் பிடித்தால் மாஸ்ஃபெட் (ஈ.எஸ்.சி.க்குள் மின்சாரத்தை வெட்டித் தரும் டிரான்சிஸ்டர்) எரியும். சிக்கியது தெரிந்தால் முதலில் ஸ்டிக்கை அடிக்கு இறக்க வேண்டும். விமானத்துக்கான ஈ.எஸ்.சி. காற்று வீச்சை நம்பிச் செய்தது, மூடிய படகுக்குள் அது கிடையாது. 30 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் தொடர்ந்து அவ்வளவு இழுக்கக்கூடாது. தண்ணீர்க் குழாய் வைத்த படகு ஈ.எஸ்.சி. கிடைத்தால் நல்லது, ஆனால் பின்னோட்டமும் உள்ளதாக இருந்தால் உச்சி, அடி, நடு என்று மூன்று எல்லை காட்ட வேண்டும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று கம்பியில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும், அதற்குப் புரோகிராமிங் வேண்டாம்.

தொண்டி:
பாசி, மாஸ்ஃபெட், கம்பி எல்லாம் வந்தாயிற்று, சொல்லைத்தான் காணோம்.

மண்டபம்:
நாளை வெள்ளி. இதுவரை வந்ததை எண்ணினேன். 'எல்லை காட்டல்': எதிர்ப்பு இல்லை. 'வெட்டு': எதிர்ப்பு இல்லை. பிரேக்: அப்படியே. புரோகிராமிங்குக்கு 'அமைவு' இரண்டு பேர், 'பண்ணல்' ஒருவர், 'செட்டிங்' போதும் என்று தனிமடலில் இரண்டு பேர். தலைப்பில் 'அமைவு', அடைப்பில் 'செட்டிங்' என்று போடுகிறேன். டைமிங்கை விட்டுவிட்டேன், 'நடு' என்று வைத்துக்கொள், தொடாதே என்று ஒரு வரி மட்டும்.

தேவிபட்டினம்:
இன்ரன்னர் மோட்டார் (வெளிக்கூடு நிற்க, உள்ளே காந்தம் சுற்றும் வகை) என்றால் டைமிங் 'தாழ்' என்று சேர்த்துவிடுங்கள். நடுவில் வைத்தால் சூடு ஏறும்.

தொண்டி:
தொல்காப்பியர் சொல்லை நான்காக வகுத்தார்: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். தனிமடற்சொல் என்று ஐந்தாவதாக ஒன்று வைக்கவில்லை. 'செட்டிங்'கை அடைப்பில் வைத்தாலும் அடைப்புதான் படிக்கப்படும். என் மாற்றுக்கருத்து பதிவாகட்டும்.

பாம்பன்:
பதிஞ்சாச்சு ஐயா. அடுத்த தாள்ல 'பெக்' வருது, ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் கொடுக்கிறது. அதுக்கு இப்பவே ஒண்ணு யோசிச்சு வைங்க.

தொண்டி:
'ஊட்டி'. ஊட்டுவது ஊட்டி. மலை ஊருக்கு உதகை என்று வேறு பெயர் இருக்கிறது.